வாய்க்கால் வந்துச்சு, உப்பு எங்கேர்ந்து வந்துச்சு?

கேள்வி: மழை கம்மியான பூமி சார். வாய்க்கால் வந்ததும் கொஞ்ச வருஷம் நல்லா விளைஞ்சுது. இப்ப பள்ளத்துல தண்ணி நிக்குது, அதைச் சுத்தி வெள்ளையா பூத்துக் கிடக்கு. குடிக்கிற தண்ணிதானே பாய்ச்சுறோம்?

பதில்: குடிக்கிற தண்ணியிலயும் உப்பு உண்டுங்க, நாக்குக்குத் தெரியாது அவ்ளோதான். லிட்டருக்கு 300 மில்லிகிராம் இருந்தா நல்ல தண்ணின்னுதான் சொல்லுவோம். வருஷத்துக்கு மொத்தம் 1 மீட்டர் உயரத்துக்குப் பாய்ச்சினா கணக்கு போட்டுப் பாருங்க, ஹெக்டேருக்கு 3 டன் உப்பு உள்ள வந்துடுது. தண்ணியைப் பயிர் குடிச்சிடும், வெயில் இழுத்துக்கும், உப்பு அங்கேயே கிடக்கும். இதுபோக மண்ணுக்குள்ள ஏற்கனவே இருக்குற உப்பு வேற. வாய்க்கால்ல கசியுறதும் வயல்ல தேவைக்கு மேல கட்டுறதும் கீழ இறங்கி நிலத்தடி நீர்மட்டம் ஏறிக்கிட்டே வருது, அது 2 மீட்டருக்குள்ள வந்துட்டா விளக்குத் திரி எண்ணெய இழுக்குற மாதிரி மண் அதை மேல இழுத்துடும், தண்ணி ஆவியாப் போயிடும், உப்பு மேல பூத்துடும்.

ராஜஸ்தான்ல 1958ல வேலை ஆரம்பிச்ச இந்திரா காந்தி கால்வாய் பாசனத்துல, ஹனுமன்கர் பக்கம் இதேதான் நடந்துச்சு. அங்க மணலுக்கு அடியில பல இடத்துல தண்ணி இறங்காத கெட்டி அடுக்கு, அதனால பாலைவனத்துலயே தண்ணி தேங்கிப்போச்சு. அப்புறம்தான் தண்ணிய உறிஞ்சட்டும்னு யூகலிப்டஸ் நட்டாங்க.

கேள்வி: நிறைய தண்ணி விட்டு உப்பைக் கழுவிட்டா?

பதில்: வடிகால் இருந்தா தாராளமா கழுவலாம். இல்லாம கழுவினா நீர்மட்டம் இன்னும் ஏறும், உப்பு சீக்கிரமே திரும்ப வந்து நிக்கும். ஓட்டை போட்ட குழாயை மண்ணுக்கடியில பதிச்சு உப்புத் தண்ணிய வெளிய எடுக்குறதுதான் சரியான வழி, ஆனா தனி ஆளா செய்ய முடியாது, எடுத்த தண்ணிய எங்க விடுறதுன்னு அடுத்த சண்டை வேற. வாய்க்கால் வெட்டுறப்பவே வடிகாலும் வெட்டியிருக்கணும். ஆனா திறப்பு விழா வாய்க்காலுக்கு மட்டும்தானே!

கேள்வி: ஜிப்சம் போடச் சொல்றாங்களே?

பதில்: மொதல்ல மண்ணை டெஸ்ட் பண்ணுங்க. சோடியம் ஏறிப்போய், மண்ணோட காரத்தைக் காட்டுற பிஎச் 8.5க்கு மேல இருந்தா களர், அதுக்கு ஜிப்சம் வேணும், போட்டப்புறம் கழுவியும் விடணும். பிஎச் அந்தளவு ஏறாம, ஈசி, அதாவது மண்ணுல கரைஞ்சிருக்குற உப்பைக் காட்டுற மின்கடத்தும் அளவு, 4க்கு மேல இருந்தா வெறும் உவர், அதுக்குப் போய் ஜிப்சம் வாங்குறது காசுக்குக் கேடு.

கேள்வி: இந்தப் போகத்துக்கு என்ன செய்யலாம்?

பதில்: பார் பிடிச்சிருந்தா, அதாவது மண்ணை வரிசையா மேடு கட்டியிருந்தா, ஒண்ணு கவனிங்க, உப்பு பாரோட உச்சியிலதான் வந்து சேரும், நாம விதைய சரியா அங்கதான் ஊனுறோம். சரிவுல, தண்ணி ஏறுற மட்டத்தை ஒட்டி ஊனுங்க. பார்லி, பருத்தி ஓரளவு தாங்கும், பீன்ஸ் தாங்காது. அப்புறம் வயல்ல 2 மீட்டருக்குத் துளை போட்டு ஓட்டை போட்ட பைப் ஒண்ணு இறக்கி, தண்ணி எவ்ளோ ஆழத்துல நிக்குதுன்னு பார்த்துட்டு அடுத்த தண்ணி கட்டுங்க.