டைனமோவ நாங்களே கழட்டி மாட்டலாமா?

கேள்வி: எனக்க வண்டி 11 வருசம் ஓடுன ஆல்டோ. போன வாரம் ராத்திரி மார்த்தாண்டம் மேம்பாலத்துல வரும்போது டேஷ்போர்டுல பேட்டரி லைட்டு எரிஞ்சுது, ஹெட்லைட்டும் மங்கிப்போச்சு, மறுநாள் காலைல செல்ஃப் எடுக்கல்ல. ஆல்டர்னேட்டர் போச்சு, புதுசு மாட்டணும்னு ஒர்க்‌ஷாப்புல சொல்லுதாங்க. மச்சான்கிட்ட ஸ்பேனர் செட்டு இருக்கு, வீடியோ பாத்து நாங்களே மாத்திரலாமா?
- வாசகர், குளச்சல்

பதில்: அண்ணே, ஸ்பேனர எடுக்கதுக்கு முன்னாடி வோல்ட்டேஜ் அளக்க ஒரு மல்டிமீட்டர் வாங்குங்க, சில நூறு ரூபாதான் ஆவும். பேட்டரிய வெளிய குடுத்து முழுசா சார்ஜ் போட்டு மாட்டிட்டு, எஞ்சின் ஆஃப்ல அளந்தா 12.6 வோல்ட் பக்கத்துல நிக்கணும். ஸ்டார்ட் பண்ணி ஹெட்லைட்டு, ஃபேன் எல்லாம் போட்டுட்டு கொஞ்சம் ஆக்சிலேட்டர் குடுத்துப் பாருங்க, 13.8லேருந்து 14.5க்குள்ள வந்தா சார்ஜ் நல்லா ஏறுது. 12லயே கெடந்தா ஏறல்ல. 15 தாண்டுனா வோல்ட்டேஜ கட்டுக்குள்ள வைக்குற ரெகுலேட்டர் போயிருக்கு, அப்பிடியே ஓட்டுனா பேட்டரி கொதிச்சுரும்.

சார்ஜ் ஏறல்லன்னு தெரிஞ்ச உடனே டைனமோ (எஞ்சின் ஓடும்போது பேட்டரிய சார்ஜ் பண்ணுற ஆல்டர்னேட்டரத்தான் சொல்லுதேன்) மேல பழிய போட்டுராதீங்க. அத சுத்துற பெல்ட்டு தொவண்டு கெடந்தாலும் இதே கோளாறுதான் வரும், மழைக்காலத்துல ஸ்டார்ட் பண்ணும்போது கீச்சுன்னு சத்தம் கேட்டா அதத்தான் மொதல்ல பாக்கணும். அப்புறம் ஒயரு. நீங்க கடக்கரை ஆளு, உப்புக்காத்து ஒயர என்ன பாடு படுத்தும்னு சொல்லவேண்டாம். எனக்க வண்டிக்கு ஒரு எடத்துல ரெண்டு தடவ பேட்டரி மாத்தி, அதுக்கு மேல ஆல்டர்னேட்டரும் மாத்தணும்னு சொன்னாங்க, மனசு கேக்காம பேட்டரி மைனஸ்லேருந்து பாடிக்குப் போற எர்த் ஒயர கழட்டிப் பாத்தா லக்குக்குள்ள (ஒயரு முனையில போல்ட்டு போடுற வளையம்) பச்சையா பூத்துக் கெடக்கு, வெரலால பிசுக்குனா செம்புக்கம்பி பொடிப்பொடியா உதுருது. ஒயர மாத்தி, பாடியில போல்ட்டு போடுற எடத்த உப்புத்தாள வச்சுத் தேச்சு மாட்டுனேன், 14.2 வந்துட்டு. அந்த ரெண்டு பேட்டரி காசு இன்னைக்கும் மனசுல உறுத்துது.

அதனால எஞ்சின் ஓடும்போது ஆல்டர்னேட்டர் பின்னாடி தடி ஒயரு வார போல்ட்டுல செவப்பு முனையும் அதோட பாடியில கறுப்பு முனையும் வச்சு ஒருக்கா அளங்க, பேட்டரி ரெண்டு டெர்மினல்லயும் ஒருக்கா அளங்க. அங்க 14, இங்க 12.8ன்னா கோளாறு நடுவுல உள்ள ஒயருலதான். சாரம் கட்டிக்கிட்டு ஓடுற எஞ்சினுக்குள்ள குனியாதீங்க, பெல்ட்டு இழுத்துரும். இன்னொண்ணு, வண்டி ஓடும்போது பேட்டரி டெர்மினல உருவி டெஸ்ட் பண்ணுற பழைய பழக்கம் வேண்டவே வேண்டாம், வோல்ட்டேஜ் எகிறி ஈசிஎம் (எஞ்சின் கம்ப்யூட்டர்) போயிரும்.

ரெண்டு எடத்துலயும் கம்மியா காட்டுது, பெல்ட்டும் ஃபியூஸும் நல்லா இருக்குன்னா டைனமோவ கழட்டுங்க. மொதல்ல பேட்டரி மைனஸ எடுத்துரணும், அந்த தடி ஒயருல சாவி போடலன்னாலும் கரண்ட் உண்டு, ஸ்பேனர் பாடியில தட்டுனா தீப்பொறி பறக்கும். ஒயருங்கள போட்டோ எடுத்து வச்சுக்கிடுங்க. மேல இருந்தே கை எட்டுற வண்டின்னா தைரியமா செய்யலாம், அடியில படுத்துதான் எடுக்கணும்னா வெறும் ஜாக்கிய நம்பி உள்ள போவாதீங்க, ஸ்டாண்டு இல்லன்னா மெக்கானிக்கிட்ட விட்டுருங்க.

கழட்டுனத ஆட்டோ எலக்ட்ரிக்கல் கடைக்கு கொண்டு போங்க. நெறைய நேரம் கார்பன் பிரஷ்ஷோ பேரிங்கோ ரெகுலேட்டரோதான் போயிருக்கும், அத மட்டும் மாத்தித் தருவாங்க, காயில் கருகியிருந்தாதான் புதுசப் பத்தி யோசிக்கணும். என்னைக் கேட்டா இதான் நமக்கு நல்ல வழி: கழட்டுறதும் மாட்டுறதும் நீங்க, உள்ள கைவைக்கது அவங்க.

திருப்பி மாட்டும்போது பெல்ட்ட பெருவெரலால அழுத்துனா ஒரு சென்டிமீட்டர் போல அமுங்கணும், அதிகமா முறுக்குனா புது பேரிங்கும் போயிரும். நெறைய வண்டியில அதே பெல்ட்டுதான் வாட்டர் பம்பையும் சுத்துது, அறுந்தா எஞ்சின் சூடாயிரும், வெடிப்பு விட்டிருந்தா இப்பவே மாத்திருங்க. பேட்டரி எறங்கிக் கெடந்தா சார்ஜ் போட்டுட்டு மாட்டுங்க, காலியான பேட்டரிய ஏத்துறதுக்குள்ள டைனமோ சூடாயிரும். எல்லாம் முடிஞ்சு மறுபடி அளந்து 14 பக்கத்துல வந்தபெறவு ராத்திரி ஓட்டம் போங்க.