கவர் பேண்டா, சொந்தப் பாட்டு பேண்டா: எதில் சேர்வது?

கிட்டார் ஓரளவு கைக்கு வந்துவிட்டது, பிறர் பாடல்களை வாசிக்கும் கவர் பேண்ட் ஒன்றும் சொந்தப் பாட்டுக் குழு ஒன்றும் கூப்பிடுகின்றன, எதில் சேரலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். மேடை அனுபவம் குறைவு என்றால், முதலில் கவர் பேண்டுக்குப் போங்கள் என்பேன்.

காரணம், அங்கே காது பழகும். இன்னொருவர் பாட்டைப் பிசகாமல் வாசிக்க முயலும்போதுதான் அவர் எங்கே இடைவெளி விட்டார், பேஸ் கிட்டாரும் டிரம்ஸும் எப்படிப் பிணைகின்றன என்பதெல்லாம் புரியும். 1960 முதல் 1962 வரை ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரக் கிளப்புகளில் இங்கிலாந்து ராக் குழுவான பீட்டில்ஸ் இரவிரவாக வாசித்தது பெரும்பாலும் பிறர் பாடல்களைத்தான். 1963இல் வந்த அவர்களுடைய முதல் ஆல்பத்தில்கூட 14 பாடல்களில் 6 மற்றவர்கள் எழுதியவை.

பணமும் பொதுவாக கவர் பேண்டில்தான் சீக்கிரம் வரும். ஆனால் பாட்டுக்கான ராயல்டி (உரிமைத்தொகை) இயற்றியவருக்கே போகும்.

சொந்தப் பாட்டுக் குழுவுக்குக் கூட்டம் சேர வருடங்கள் ஆகலாம். அப்புறம், யார் எழுதினார்கள் என்ற சண்டை பல குழுக்களை உடைத்திருக்கிறது. முதல் பாட்டு முடிந்ததுமே யாருக்கு எவ்வளவு பங்கு என்று எழுதி வைத்துவிடுங்கள். சரி, பாதி முடிந்த மெட்டுகள் ஏற்கெனவே உங்களைத் தூங்கவிடாமல் செய்கின்றனவா? அப்படியென்றால் மேலே சொன்னதை விடுங்கள், இந்தக் குழுவிலேயே சேருங்கள்.