15,000 ரூபாய்க்குள் கச்சேரி மைக்: எதை வாங்கலாம், எதை விடலாம்?

மன்னார்குடிப் பக்கத்திலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். ஏழு பேர் கொண்ட மெல்லிசைக் குழு: இரண்டு பாடகர்கள், கீபோர்டு, பேஸ் கிட்டார், ரிதம் பேட், தபேலா-டோலக், புல்லாங்குழல். பங்குனி, சித்திரையில் கோயில் திருவிழா, மற்றபடி கல்யாண வரவேற்பு. மைக் செட்காரர் தரும் மைக்கில் குரல் எடுபடவில்லை, கொஞ்சம் கூட்டினால் கூவ ஆரம்பிக்கிறது. கையில் 15,000 ரூபாய் இருக்கிறது, யூடியூபில் பார்த்த கண்டென்சர் மைக் இரண்டும் கார்ட்லெஸ் செட் ஒன்றும் வாங்கிவிடலாமா, சில ஊர்களில் நாதஸ்வரம் தவிலோடு சேர்ந்து வாசிக்கச் சொல்கிறார்களே, அதற்குத் தனி மைக் வேண்டுமா என்பது கேள்வி.

கண்டென்சரும் வேண்டாம், கார்ட்லெஸும் வேண்டாம். ஸ்டுடியோவில் கண்டென்சர் நன்றாக இருப்பதற்குக் காரணம் அது சின்னச் சத்தத்தையும் விடாமல் பிடிப்பதுதான், சன்னதித் தெரு மேடையில் அதே குணம்தான் எதிரி. பின்னால் ஓடும் ஜெனரேட்டர், பக்கத்தில் வெடிக்கும் அதிர்வேட்டு, எல்லாவற்றுக்கும் மேலாக உங்கள் ஸ்பீக்கரிலிருந்து திரும்பி வரும் உங்கள் பாட்டு, அத்தனையும் உள்ளே போகும். போதாததற்கு மிக்சரிலிருந்து 48 வோல்ட் ஃபேண்டம் பவர் வேறு வேண்டும். திறந்த மேடைக்கு மைக் வாங்கும்போது காசு கொடுப்பது எதைப் பிடிக்கிறது என்பதற்காக அல்ல, எதைப் பிடிக்காமல் விடுகிறது என்பதற்காக. அதனால் வெளி மின்சாரம் கேட்காத டைனமிக் மைக், கார்டியாய்டு வகை, ஒயர் உள்ளது. கார்டியாய்டு என்றால் முன்னால் வரும் சத்தத்தை எடுத்துக்கொண்டு, நேர் பின்னால் வருவதைப் பெருமளவு தள்ளிவிடும்.

மைக்கை எண்ணுவதற்கு முன்னால் இன்னொன்று. கீபோர்டு, பேட், பேஸ் மூன்றுக்கும் மைக்கே தேவையில்லை, டிஐ பாக்ஸ் (வாத்தியத்தின் சிக்னலை மிக்சருக்குத் தோதாக மாற்றித் தரும் சின்னப் பெட்டி) வழியாக நேராக மிக்சருக்குக் கொடுத்துவிடலாம். இன்னமும் சில குழுக்களில் கீபோர்டுக்குப் பக்கத்தில் ஒரு ஆம்ப் வைத்து அதற்கு முன்னால் ஒரு மைக்கை நட்டுவைக்கிறார்கள், எதற்கு என்றுதான் தெரியவில்லை. திறந்திருக்கும் மைக்குகளின் எண்ணிக்கை இரட்டிப்பானால் கூவாமல் கூட்டக்கூடிய அளவு 3 டெசிபல் குறையும். எட்டை நான்காக்கினால் அந்த 3 டெசிபல் செலவில்லாமல் திரும்பக் கிடைக்கிறது.

சரி, பாடகர்களுக்கு. எல்லோரும் சொல்வது ஷூர் எஸ்எம்58தான், 1966-லிருந்து வருகிறது, சொல்வதில் தப்பில்லை. ஆனால் இரண்டு வாங்கினால் உங்கள் பட்ஜெட் அதிலேயே தீர்ந்துவிடும். பாதி விலைக்குத் தருகிறேன் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள், போலி ஏராளம். அசல் 298 கிராம், மளிகைக் கடைத் தராசிலேயே நிறுத்துப் பார்க்கலாம், நிறையக் குறைந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். எடை சரியாக இருந்துவிட்டால் அசல் என்றும் ஆகிவிடாது, பில் கொடுக்கிற கடையில் வாங்குவதுதான் பாதுகாப்பு.

உங்களுக்கு நான் சொல்வது அதற்கு ஒரு படி கீழே: ஷூர் பிஜிஏ58 அல்லது சென்ஹைசர் எக்ஸ்எஸ்1, ஏதாவது ஒன்றில் ஒரே மாடலாக இரண்டு. ஒன்று உசத்தி ஒன்று மட்டம் என்று வாங்கினால் ஆண் குரலும் பெண் குரலும் மாறி மாறி வரும் டூயட்டில் மிக்சரில் இருப்பவர் பாடு திண்டாட்டம். இரண்டுக்குமாக 8,000 ரூபாயைச் சுற்றி ஆகலாம், கடைக்குக் கடை விலை மாறும். பிஜிஏ58 வாங்கும்போது பெட்டியில் மாடல் பெயருக்குப் பின்னால் இருக்கும் எழுத்துகளைப் பாருங்கள். ‘க்யூடிஆர்’ என்றிருந்தால் கூட வரும் ஒயரின் மறுமுனையில் கிட்டாருக்குச் செருகும் கால் இஞ்ச் ஜாக் இருக்கும், அது வேண்டாம், இரண்டு பக்கமும் மூன்று பின் உள்ள ‘எக்ஸ்எல்ஆர்’ கேளுங்கள். மேடையிலிருந்து மிக்சர் இருபது முப்பது மீட்டர் தள்ளி இருக்கும் இடத்தில், சீரியல் செட்டும் ஜெனரேட்டர் ஒயரும் குறுக்கே நெடுக்கே ஓடும்போது, ஜாக் ஒயரில் ‘ம்ம்ம்’ என்று ஹம் ஏறிவிடும். மூன்று பின் ஒயரில் ஒரே சிக்னல் நேராகவும் தலைகீழாகவும் இரண்டு கம்பிகளில் போகிறது, வழியில் ஏறும் இரைச்சல் மிக்சருக்குள் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு போய்விடுகிறது.

தபேலா, டக்கா (தபேலா ஜோடியில் இடது கையில் வாசிப்பது), புல்லாங்குழல் மூன்றுக்கும் பெரிங்கர் எக்ஸ்எம்1800எஸ் மூன்று மைக் சேர்ந்த பெட்டியாகவே கிடைக்கிறது, ஒரு மைக் விலையில் மூன்று என்று சொல்லலாம். குரலுக்கு எனக்கு அது அவ்வளவாகப் பிடிக்காது, தாளத்துக்குத் தாராளம். டோலக்குக்கும் அதே இரண்டுதான், அதற்கென்று தனியாக வாங்காதீர்கள். அதில் ஆன்-ஆஃப் சுவிட்ச் உண்டு, மேடை ஏறுமுன் ஆன் செய்து அதன்மேல் ஒரு துண்டு டேப் ஒட்டிவிடுங்கள், இல்லாவிட்டால் யாராவது கைபட்டு அணைத்துவிட்டு ‘சவுண்ட், சவுண்ட்’ என்று கத்திக்கொண்டிருப்பார்கள். குழலுக்கு மைக்கை வாய்க்கு நேரே வைக்காமல் சற்று மேலே தூக்கி வையுங்கள், ஒரு ஃபோம் உறையும் போடுங்கள், காற்றுச் சத்தம் குறையும். மீதிப் பணம் நல்ல ஒயருக்கும் ஒரு டிஐ பாக்ஸுக்கும். மிச்ச டிஐக்களை மைக் செட்காரரிடம் கேட்டால் பெரும்பாலும் வைத்திருப்பார்.

ஆனால் இவ்வளவும் வாங்கிய பிறகும் கூவும், பாடுகிறவர் மைக்கைப் பிடிக்கிற விதத்தை மாற்றாவிட்டால். மைக் உதட்டிலிருந்து மூன்று விரல் தூரத்தில், சுமார் 5 செ.மீ.யில் இருக்க வேண்டும். தூரம் இரட்டிப்பானால் 6 டெசிபல் போகும், 20 செ.மீ. தள்ளிப் பிடித்தால் 12 போகும், அதை ஈடுகட்ட ஆம்ப் 16 மடங்கு சக்தி தர வேண்டும். அப்புறம் அந்தக் கம்பி உருண்டையை உள்ளங்கையால் பொத்திப் பிடிப்பது. பார்க்க ஸ்டைலாக இருக்கலாம், ஆனால் பின்பக்கத்திலிருந்து ஒலி நுழையும் வழி அடைபட்டு, கார்டியாய்டு தன் குணத்தை இழந்து நாலாபக்கமும் பிடிக்க ஆரம்பிக்கும், உடனே கூவல். கல்யாண மண்டபத்தில் டைல்ஸும் வெறும் சுவரும் சேர்ந்துகொண்டால் இன்னும் மோசம். மானிட்டர், அதாவது பாடகர் தன் குரலைத் தானே கேட்க வைக்கும் ஸ்பீக்கர், அவர் முகத்துக்கு எதிரே, மைக்கின் வால் பார்க்கும் திசையில் இருக்கட்டும். ஸ்பீக்கர் பாக்ஸ்கள் மைக் வரிசைக்கு இரண்டு மூன்று மீட்டராவது முன்னால் நிற்கட்டும், விழாக் கமிட்டியார் பந்தல் காலோடு சேர்த்துக் கட்டச் சொன்னாலும் பேசிப் பாருங்கள். எக்கோவையும் பாதியாகக் குறையுங்கள். நம் பக்கத்தில் எக்கோ இல்லாவிட்டால் பாட்டே இல்லை என்று நினைக்கிறவர்கள் அதிகம், ஆனால் பாதிக் கூவல் அதனால்தான்.

கார்ட்லெஸ் ஏன் வேண்டாம் என்றேன் என்றால், இந்த விலையில் வரும் ஜோடி செட்டில் காசு ரேடியோவுக்குப் போய்விடும், மைக் சுமாராகத்தான் இருக்கும். பழைய செட் மலிவாக வந்தால் அதிர்வெண்ணைப் பாருங்கள், 700 மெகாஹெர்ட்ஸ் வட்டாரம் என்றால் தொடாதீர்கள், 2022 ஏலத்தில் அந்த அலைவரிசையை ஜியோ 5ஜிக்காக வாங்கிவிட்டது. தொகுப்பாளருக்கு மட்டும் ஒன்று வேண்டுமென்றால் வாடகைக்கு எடுங்கள்.

நாதஸ்வரம், தவிலுக்கு நீங்கள் எதுவும் வாங்க வேண்டாம். நரசிங்கம்பேட்டை நாதஸ்வரத்துக்குச் சத்தம் போதாது என்று யாரும் சொன்னதில்லை. கைவசம் இருக்கும் டைனமிக் ஒன்றை அணசுக்குள் (அடியில் விரிந்திருக்கும் வாய்) நுழைக்காமல் ஒரு முழம் தள்ளி, விரல் துளைகளைப் பார்த்த மாதிரி வையுங்கள், ஓசை துளைகள் வழியாகவும் வருகிறது. தவிலுக்கு ஒன்று போதும், இடது முகமான தொப்பிப் பக்கம். வலது முகமான வலந்தலை தானாகவே மற்ற எல்லா மைக்கிலும் போய் விழும்.

ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் மைக்கைப் பையில் அப்படியே போட்டுவைக்காதீர்கள். உருண்டையைக் கழற்றி, உள்ளே இருக்கும் ஃபோமோடு சோப்புத் தண்ணீரில் அலசி நன்றாகக் காயவைத்து மாட்டலாம், வாடை போகும். பிறகு மூடியுள்ள டப்பாவில் சிலிகா ஜெல் பொட்டலத்தோடு வையுங்கள்.

வாங்கும் கடையில் ‘ஹலோ செக்’ சொல்லிவிட்டு மட்டும் வந்துவிடாதீர்கள். பேசிக்கொண்டே மைக்கைத் திருப்பி அதன் வால் பக்கம் உங்கள் வாயைப் பார்க்கும்படி பிடியுங்கள், குரல் சட்டென்று அடங்க வேண்டும். அடுத்து கையை மாற்றி மாற்றிப் பிடித்துப் பாருங்கள். குரல் அடங்காத மைக்கையும், கை மாறும்போது ‘தொம் தொம்’ என்று கேட்கிற மைக்கையும் அங்கேயே வைத்துவிட்டு அடுத்ததை எடுங்கள்.