கைமாறி வந்த நாலடித் தொட்டி: மீன் தொட்டியில் நீர்ச்செடி வளர்ப்போரின் கேள்விகள்

கேள்வி: நாலடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரத்தில் பழைய மீன் தொட்டி ஒன்று விலைக்கு வருகிறது. இப்போது காலியாக இருக்கிறது. எதைப் பார்த்து வாங்குவது?

பதில்: முதலில் ஒட்டு. தொட்டியில் சிலிக்கான் பசை இரண்டு இடத்தில் இருக்கும். கண்ணாடியும் கண்ணாடியும் சேரும் இடுக்கில் இருப்பதுதான் பாரம் தாங்குகிறது. உள்மூலையில் இழுத்துவிட்ட பட்டை அதற்குக் காவல் மட்டுமே. செல்போன் டார்ச்சைச் சாய்த்துப் பிடித்து இடுக்கைப் பாருங்கள். ஊசிமுனை அளவில் ஒன்றிரண்டு குமிழி தெரிந்தால் பரவாயில்லை. வெளி ஓரத்திலிருந்து உள்ளே வரை வெளிறிய திட்டாக ஓடினால், அங்கே சிலிக்கான் கண்ணாடியை விட்டுவிட்டது என்று அர்த்தம். அந்தத் தொட்டி சும்மா கிடைத்தாலும் வேண்டாம். விளிம்பில் சில்லு பெயர்ந்து, அதிலிருந்து மயிரிழைக் கீறல் கிளம்பியிருந்தாலும் அப்படியே.

அடுத்து கனம். இந்த உயரத்துக்கு 10 மி.மீ. கண்ணாடி இருந்தால் நிம்மதி. 8 மி.மீ. என்றால் மேல் விளிம்பில் நெடுக்குப் பட்டியும் நடுவில் ஒரு குறுக்குப் பட்டியும் கட்டாயம் இருக்க வேண்டும். வெள்ளை வெள்ளையாகச் சுண்ணக் கறை இருக்கிறதா? அதைக் காட்டி விலையைக் குறையுங்கள். வினிகரில் நனைத்த துணியை அரை மணி நேரம் ஒட்டிவைத்தால் இளகிவிடும். சோப்பு மட்டும் கூடாது. இறால் வளர்க்கும் எண்ணம் இருந்தால், முன்பு அதில் செம்பு கலந்த மருந்து போட்டார்களா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி: உள்மூலைப் பட்டை ஓரிடத்தில் உரிந்திருக்கிறது. அதன் மேலேயே புது சிலிக்கான் பூசினால் போதுமா?

பதில்: போதாது. காய்ந்த சிலிக்கான் மேல் புது சிலிக்கான் பிடிக்காது. பார்க்க ஒட்டினாற்போல் இருக்கும், தண்ணீர் அடியில் புகுந்துவிடும். உள்பட்டை முழுவதையும் பிளேடால் வழித்தெடுங்கள். பிளேடு நுனி இடுக்குக்குள் போகாமல் கண்ணாடியோடு படிந்து நகரட்டும். அசிட்டோனால் துடைத்து, இருபுறமும் மாஸ்க்கிங் டேப் ஒட்டி, எல்லா மூலைகளையும் ஒரே அமர்வில் முடியுங்கள். இழுத்த ஐந்து நிமிடத்தில் மேலே தோல் கட்ட ஆரம்பிக்கும். அதற்குள் விரலால் நீவி, டேப்பையும் உரித்துவிட வேண்டும்.

சிலிக்கான் வாங்கும்போது குளியலறைக்கென்று பூஞ்சைத் தடுப்பு சேர்த்து விற்பதைத் தொடாதீர்கள், அந்த மருந்து மீனுக்கும் விஷம். வினிகர் வாடை அடிக்கும் கலப்பில்லாத 100% சிலிக்கான்தான் தேவை. ஒரு வாரம் காயட்டும். பிறகு வெளியே சமதளத்தில் மூன்றில் ஒரு பங்கு, பாதி, முழுக்க என்று நிரப்பி, ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு நாள் விடுங்கள். அடியில் செய்தித்தாள் விரித்திருந்தால் ஒரு சொட்டு கசிந்தாலும் காட்டிக்கொடுத்துவிடும்.

கேள்வி: வீட்டில் இருக்கும் மேசை மேல் வைக்கலாமா?

பதில்: கணக்கைப் பாருங்கள். 120×45×45 செ.மீ. என்றால் கொள்ளளவு 243 லிட்டர். மண்ணும் மேல் இடைவெளியும் போக ஏறத்தாழ 200 லிட்டர் தண்ணீர் நிற்கும். கண்ணாடி 50 கிலோ, மண்ணும் மணலும் 50 கிலோ. கல், கட்டை எல்லாம் ஏறினால் 300 கிலோவைத் தாண்டும், அதுவும் இரவு பகலாக. மரத்தூள் பலகை மேசை தண்ணீர் பட்டால் ஊறி உப்பிவிடும். இரும்புச் சட்டத்தின் மேல் 18 மி.மீ. ப்ளைவுட் போட்ட தாங்கி செய்துகொள்ளுங்கள். மொத்தச் செலவில் கை சுருக்கக் கூடாத இடம் இது.

ரசமட்டம் வைத்துப் பாருங்கள். சரிவு இருந்தால் தாங்கியின் காலுக்கு அடியில்தான் தகடு கொடுக்க வேண்டும். தொட்டிக்கும் பலகைக்கும் நடுவில் செருகினால் அந்த ஒரு புள்ளியில் கண்ணாடி தெறிக்கும். அடிக்கண்ணாடி நேராகப் பலகையில் உட்காரும் தொட்டிக்கு ஃபோம் விரிப்பு வேண்டும். சட்டத்தின் மேல் அடிக்கண்ணாடி தூக்கி நிற்கும் வகைக்கு வேண்டாம்.

கேள்வி: செடிக்கென்று விற்கும் மண் இவ்வளவு பெரிய தொட்டிக்குக் கட்டுப்படியாகவில்லை. மாற்று உண்டா?

பதில்: உண்டு, சாதாரணத் தோட்டமண். உரமோ புது எருவோ கலக்காததாக இருக்கட்டும். வேர், குச்சி போகச் சலித்து, தண்ணீரில் ஊறவைத்துக் காயவைப்பதை மூன்று நான்கு முறை செய்யுங்கள். இரண்டரை செ.மீ. கனத்துக்குச் சுமார் 14 லிட்டர் மண் பிடிக்கும். அதன் மேல் 1–2 மி.மீ. பருமனுள்ள மணல் நான்கு செ.மீ., அதாவது 22 லிட்டர், எடையில் 35 கிலோ போல. மணலில் கொஞ்சம் வினிகர் ஊற்றிப் பாருங்கள். நுரைத்தால் சுண்ணாம்பு இருக்கிறது, தண்ணீரின் கடினத்தன்மையை ஏற்றும்.

மாவு போன்ற மணலைக் கனமாகப் போட்டால் உள்ளே பிராணவாயு போகாமல் அழுகிய முட்டை வாடை வரும். செடியை வேரோடு வெடுக்கென்று பிடுங்கினால் மண் மேலே கிளம்பிக் கலங்கும், அதனால் வெட்டித்தான் குறைக்க வேண்டும்.

கேள்வி: சாதாரண எல்இடி ஃபிளட் லைட்டில் செடி வளருமா?

பதில்: நன்றாக வளரும். 6500 கெல்வின் வெள்ளை ஒளியில் 3000 லூமன் விளக்கு இரண்டு இந்த நீளத்துக்குச் சரி. முதல் மாதம் டைமரில் ஆறு மணி நேரம் மட்டும். பச்சைப் பாசி படர்ந்தால் பெரும்பாலும் இங்கேதான் தவறு. வயர் பிளக்குக்குக் கீழே வளைந்து தொங்கட்டும். வழியும் தண்ணீர் பிளக்கில் ஏறாது.

கேள்வி: ஈஸ்ட், சர்க்கரை பாட்டிலில் கார்பன் டை ஆக்சைடு விடலாமா?

பதில்: 200 லிட்டருக்கு வேண்டாம். ஒரு வாரம் பொங்கும், மறுவாரம் அடங்கும். அந்த ஏற்ற இறக்கம் பாசிக்குத்தான் விருந்து. சிலிண்டர் இல்லையென்றால் வாயுவே இல்லாமல் வளரும் செடிகளை வையுங்கள்.

கேள்வி: தொட்டியோடு கேனிஸ்டர் ஃபில்டரும் (தொட்டிக்கு வெளியே வைக்கும் மூடிய வடிகட்டி) தருகிறார்கள். உள்ளே ஸ்பாஞ்ச் ஈரமாக இருக்கிறது. அம்மோனியாவையும் நைட்ரைட்டையும் மாற்றித் தண்ணீரைச் சுத்தமாக்கும் பாக்டீரியா அதில் உயிரோடு இருக்குமா?

பதில்: ஈரம் மட்டும் போதாது, பிராணவாயுவும் வேண்டும். மின்சாரம் இல்லாமல் மூடிக் கிடந்த கேனிஸ்டர் நாற்றம் அடித்தால் செத்துவிட்டது. கழுவிப் புதிதாகத் தொடங்குங்கள். அன்று வரை ஓடியதென்றால் ஸ்பாஞ்சைத் தொட்டித் தண்ணீரோடு திறந்த வாளியில் கொண்டுவந்து, அன்றே ஓட்டிவிடுங்கள்.

உறுதி செய்ய ஒரு சோதனை. அம்மோனியா எவ்வளவு என்று முதலில் அளந்துகொள்ளுங்கள், புது மண்ணே கொஞ்சம் விடும். பூஜ்யம் என்றால் 200 லிட்டருக்கு 1.25 கிராம் அம்மோனியம் குளோரைடு போடுங்கள், லிட்டருக்கு 2 மி.கி. அம்மோனியா ஆகும். 24 மணி நேரத்தில் அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யத்துக்கு வந்தால் மீன் விடலாம். வராவிட்டால் நான்கு முதல் ஆறு வாரம் பொறுமை. ஃபில்டர் மூடியின் ரப்பர் வளையத்தையும், தண்ணீரைத் தள்ளும் விசிறியான இம்பெல்லரையும் பாருங்கள். இவை தேய்ந்திருந்தால் மாற்றிக்கொள்ளலாம், உடல் விரிசல் விட்டிருந்தால் முடியாது.

கேள்வி: நட்ட பத்தாம் நாளே இலைகள் கண்ணாடிபோல் ஆகிக் கரைகின்றன. என்ன குறை?

பதில்: பெரும்பாலும் குறை ஒன்றுமில்லை. நர்சரியில் தண்ணீருக்கு வெளியே வளர்ந்த இலை உள்ளே தாங்காது, கிரிப்டோகோரைன் செடியில் இது இன்னும் அதிகம். கரைந்த இலையைக் கிள்ளி எடுத்துவிட்டு வேரைத் தொடாமல் விடுங்கள், நீரிலேயே பிறக்கும் புது இலை நிற்கும். அனுபியாஸ், ஜாவா ஃபெர்ன் இரண்டும் அழுகினால் மட்டும் உங்கள் கைவேலை: அவற்றின் கிழங்குத் தண்டை மண்ணில் புதைக்கக் கூடாது, கட்டையில் நூலால் கட்டுங்கள்.

முதல் நாளே தரையில் பாதியாவது செடி நிற்க வேண்டும். ஹைக்ரோஃபிலா, வாலிஸ்னேரியா, வாட்டர் ஸ்பிரைட், ஹார்ன்வர்ட் நான்கும் மலிவு, வேகம். ஹைக்ரோஃபிலாவின் வெட்டிய நுனியை மறுபடி நட்டே தொட்டியை நிரப்பிவிடலாம். தோட்டமண் போட்டிருந்தால் முதல் சில மாதம் உரம் வேண்டாம். பிறகு அடி இலைகள் மஞ்சளாகி, நைட்ரேட்டும் பூஜ்யம் காட்டினால் பொட்டாசியம் நைட்ரேட். 200 லிட்டருக்கு 3.3 கிராம் போட்டால் லிட்டருக்கு 10 மி.கி. நைட்ரேட் ஏறும். பாதி அளவில் தொடங்கி, ஒரு வாரம் கழித்து அளந்துவிட்டு மீதியைப் போடுங்கள்.