இட்லிக்காரர் பின்னால் ஒரு பையன்

வணக்கம் சார். மும்பை தாராவி 90 அடி ரோட்டில் இருக்கிறோம். மகன் ஒன்பதாவது படிக்கிறான். ‘உங்கள் தெருவில் ஒரு பிரச்சினையைத் தீர்க்க ஏதாவது செய்து வாருங்கள்’ என்று பள்ளியில் ப்ராஜெக்ட். மற்ற பிள்ளைகள் எலக்ட்ரானிக்ஸ் கடைகள் இருக்கும் லேமிங்டன் ரோடு போய், தானாகத் திறக்கும் குப்பைத்தொட்டி கிட் வாங்கிவிட்டார்கள். இவன் மூன்று நாளாக விடியற்காலையில் நோட்டும் கையுமாக இட்லிக்காரர் சைக்கிள் பின்னால் சுற்றுகிறான். வீடெல்லாம் அட்டையும் பழைய டியூபும். அடுத்த வருடம் பத்தாவது வேறு. பேசாமல் நானும் ஒரு கிட் வாங்கிக் கொடுத்துவிடட்டுமா?

(பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்.)

அன்புள்ள சகோதரிக்கு,

வாங்காதீர்கள்.

அந்தத் தொட்டியை நானும் பார்த்திருக்கிறேன். கை நீட்டினால், காதுக்குக் கேட்காத ஒலியை அனுப்பி எதிரொலியை வைத்துக் கண்டுபிடிக்கும் அல்ட்ராசோனிக் சென்சாருக்குத் தெரிந்துவிடும், சின்ன மோட்டார் மூடியைத் தூக்கும். அழகுதான். ஆனால் உங்கள் தெருக் குப்பைக்கு மூடியா பிரச்சினை? கிட் வாங்கியவன் கையில் விடை முதலில் வந்துவிட்டது, கேள்வியை அப்புறம் தேடி ஒட்டுகிறான்.

போன வருடம் ஒரு பள்ளிக்கு நடுவராகப் போய், பல்பு பளிச்சென்று எரிந்த மாடலுக்குத்தான் நானும் பரிசு கொடுத்தேன். மூலையில் இரண்டு பெண்கள். குழாயடியில் டிரம் நிறைந்ததும் மணி அடிக்க, தெர்மாகோல் துண்டையும் சைக்கிள் மணியையும் நூலால் கட்டியிருந்தார்கள். அடிக்கவில்லை. தெர்மாகோல் மேலே எழும் விசை மணியை அசைக்கப் போதவில்லை என்றும், துண்டைப் பெரிதாக்கினால் டிரம் வாயில் இடிக்கிறது என்றும் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். நான் தாண்டிப் போய்விட்டேன். இன்னும் உறுத்துகிறது.

அகமதாபாதில் ரிவர்சைட் பள்ளியைத் தொடங்கிய கிரண் பீர் சேத்தி, 2009-ல், பிள்ளைகளே தங்களைச் சுற்றியுள்ள பிரச்சினைகளுக்குத் தீர்வு தேடும் ‘டிசைன் ஃபார் சேஞ்ச்’ திட்டத்தை ஆரம்பித்தார். உணர், கற்பனை செய், செய்து பார், பகிர் என்று நான்கு படி. உங்கள் மகன் யாரும் சொல்லாமலே முதல் படியில் நிற்கிறான். பிள்ளைகள் தாங்களே கருவிகள் செய்து பார்க்கப் பள்ளியில் அமைக்கும் அடல் டிங்கரிங் லேப் திட்டம் 2016-ல் வந்தது. அதற்குப் பள்ளி ஒன்றுக்கு 20 லட்சம் ரூபாய் வரை மத்திய அரசு கொடுத்து வந்திருக்கிறது, 3டி பிரிண்டர்கூட வரும். அதில் எதை அச்சடிப்பது என்று யாராவது சொல்ல வேண்டுமே!

நோட்டில் என்ன எழுதியிருக்கிறான் என்று கேளுங்கள். இட்லி ஆறிப்போவதா கஷ்டம், இல்லை சைக்கிளைத் தொடையால் முட்டுக்கொடுத்தபடி சட்னி ஊற்றி, அதே கையால் சில்லறையும் தேடுவதா? உடைந்துபோன அட்டை மாடல்களைத் தேதி எழுதி எடுத்து வையுங்கள், வாத்தியாருக்கு அவற்றையும் காட்டட்டும். பத்தாவதெல்லாம் அடுத்த வருடம்தானே.

சரி, அந்த டியூப் எதற்காம்? கேட்டு எழுதுங்கள்.