ஜெர்மன் பியர் திருவிழாவுக்கு மாணவர்கள் போய்வரலாமா? குடிக்காதவர்களுக்கு அங்கே என்ன இருக்கிறது?

அடுத்த ஆண்டு ஜெர்மனியில் முதுகலை படிக்கப் போகும் ஒருவர், நண்பர்களுடன் ஒரு வார இறுதியில் பியர் திருவிழாவுக்குப் போய்வருவது செலவுக்குத் தகுமா என்றும், குடிப்பழக்கம் இல்லாதவர் அங்கே போய் என்ன செய்வது என்றும் கேட்டிருக்கிறார். கார்ல்ஸ்ரூ நகரில் படித்த காலத்தில் போய்வந்தவன் என்ற முறையில் பதில் சொல்கிறேன். தாராளமாகப் போகலாம். ஆனால் முதன்முறையாகப் போகிறவர் மியூனிக்கின் அக்டோபர்ஃபெஸ்டை விட்டுவிட்டு, ஏறக்குறைய அதே நாட்களில் ஷ்டுட்கார்ட் நகரில் நடக்கும் கான்ஷ்டாட் மக்கள் விழாவுக்குப் போக வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. கூட்டமும் செலவும் அதற்குக் காரணமல்ல. இரண்டு இடத்திலும் கூட்டம் உண்டு, பியரின் விலையும் பெரிதாக வேறுபடாது. கான்ஷ்டாட் விழா எதற்காகத் தொடங்கப்பட்டது என்று தெரிந்துகொண்டு போனால் அந்த மைதானத்தில் கால் வைக்கும்போதே மனம் வேறு மாதிரி இருக்கும். அதனால்தான் சொல்கிறேன்.

மியூனிக் விழா 1810 அக்டோபரில் பவேரிய இளவரசர் லுட்விக்கின் திருமணத்தையொட்டி நடத்தப்பட்ட குதிரைப் பந்தயத்திலிருந்து வளர்ந்தது. கான்ஷ்டாட் விழாவோ பஞ்சத்தில் பிறந்தது. 1815 ஏப்ரலில் இன்றைய இந்தோனேசியாவின் சும்பாவா தீவிலுள்ள தம்போரா எரிமலை வெடித்தது. அது வானில் ஏற்றிய கந்தகம் உலகெங்கும் பரவி வெயிலின் வேகத்தைக் குறைத்ததால், அடுத்த ஆண்டு ஐரோப்பாவின் பெரும்பகுதிக்குக் கோடை என்ற ஒன்றே வரவில்லை. ஷ்டுட்கார்ட்டைத் தலைநகராகக் கொண்ட வூர்ட்டம்பெர்க் நாட்டில் 1816-இல் விடாத மழையும் குளிருமாக இருந்தது; தானியம் வயலிலேயே அழுகியது, உருளைக்கிழங்கு பொய்த்தது, திராட்சை பழுக்கவில்லை. மாவில் மரத்தூளையும் வைக்கோலையும் கலந்து ரொட்டி சுட்டுத் தின்றார்கள். ஆயிரக்கணக்கானோர் டான்யூப் ஆற்றின் வழியாக ரஷ்யப் பேரரசுக்கும், கடல் கடந்து அமெரிக்காவுக்கும் குடிபெயர்ந்தார்கள். தங்கள் துயரத்துக்குக் காரணம் எங்கோ வெடித்த ஓர் எரிமலை என்பது அவர்களில் எவருக்கும் தெரிந்திருக்கவில்லை.

அந்த ஆண்டு அக்டோபர் இறுதியில் அரியணை ஏறியவர் முதலாம் வில்ஹெல்ம். அவருடைய மனைவி கதரீனா, ரஷ்யப் பேரரசர் முதலாம் அலெக்சாந்தரின் தங்கை. பட்டினியைப் போக்க நாடு முழுவதற்குமான நலச் சங்கத்தை ஏற்படுத்தியவர் அந்த அரசிதான். ஏழைகளும் சிறுகச் சிறுகச் சேர்த்து வைக்கட்டும் என்று 1818-இல் ஒரு சேமிப்பு வங்கி தொடங்கப்பட்டது. விவசாயம் அறிவியல் முறைப்படி நடந்தால் அடுத்த பஞ்சத்தைத் தாங்க முடியும் என்ற எண்ணத்தில் அதே ஆண்டு ஹோஹன்ஹைமில் வேளாண்மைக் கல்விக்கூடம் ஒன்றும் உருவானது. நம் ஊர் வேளாண் மாணவர்கள் இன்று தேடிப் போகும் ஹோஹன்ஹைம் பல்கலைக்கழகம் அதுவே. இவற்றின் வரிசையில்தான், அரசரின் பிறந்தநாளுக்கு மறுநாளான 1818 செப்டம்பர் 28 அன்று, நெக்கர் ஆற்றங்கரைப் புல்வெளியில் முதல் விழா நடந்தது. நல்ல கால்நடை வளர்த்தவர்களுக்குப் பரிசு கொடுத்தார்கள், குதிரைப் பந்தயம் விட்டார்கள். பட்டினியிலிருந்து எழுந்த விவசாயிகளுக்கு ஊக்கம் தருவதற்காக நடத்தப்பட்ட அந்த விழா, இன்று 17 நாள் நடக்கும் பெருந்திருவிழாவாகிவிட்டது.

நாங்கள் போன குழுவில் மதுரைக்காரர் ஒருவர், ஈரானிலிருந்து வந்த வகுப்புத் தோழி, ஷ்டுட்கார்ட்டை ஒட்டியுள்ள ஃபெல்பாக்கைச் சேர்ந்த ஜெர்மானிய நண்பன், நான் என்று பலவிதமானவர்கள் இருந்தோம். மதுரை நண்பர் மதுவைத் தொடாதவர். வரலாமா வேண்டாமா என்று கடைசி வரை யோசித்துக்கொண்டிருந்தார். ஜெர்மானிய நண்பனின் பாட்டி வீட்டில் இரவு தங்க ஏற்பாடாயிற்று. விழா நாட்களில் ஷ்டுட்கார்ட் விடுதிகளின் வாடகை எகிறிவிடும் என்பதால் இது பெரிய உதவி. உங்களுக்கு அப்படி யாரும் இல்லையென்றால் எஸ்-பான் ரயில் போகும் சுற்றுவட்ட ஊர்களில் அறை தேடுங்கள், அல்லது மாதங்களுக்கு முன்பே இளைஞர் விடுதியில் பதிவு செய்துவிடுங்கள். கார்ல்ஸ்ரூவிலிருந்து பிராந்திய ரயில்களிலேயே போய்விடலாம். உங்களிடம் ஜெர்மனி முழுவதற்குமான மாதாந்திரப் பயணச் சீட்டு இருந்தால் தனிச் செலவே இல்லை. பாட் கான்ஷ்டாட் நிலையத்தில் இறங்கிய பிறகு யாரிடமும் வழி கேட்கத் தேவையில்லை, கூட்டத்தோடு நடந்தால் போதும். மைதானத்துக்குள் நுழையக் கட்டணம் கிடையாது.

உள்ளே நாங்கள் முதலில் போய் நின்றது பழத்தூணின் அடியில். கோதுமைக் கதிர்கள், சோளம், காய், பழம் ஆகியவற்றால் அலங்கரித்து 26 மீட்டர் உயரத்துக்கு நிற்கும் மரத்தூண் அது. 1818-இல் நடந்த முதல் விழாவுக்காக அரசவைக் கட்டடக் கலைஞர் தூரே வடிவமைத்தது. முடியாட்சி போன பிறகு சில காலம் இல்லாமல் இருந்து, பிறகு மீண்டும் வந்தது. நம் கோயில் திருவிழாவுக்குக் கொடிமரம் எப்படியோ, அந்த விழாவுக்கு அந்தத் தூண் அப்படி. உள்ளூர்க்காரர்கள் ஒருவரையொருவர் சந்திக்க வேண்டுமென்றால் அதன் அடியில்தான் காத்திருப்பார்கள். பஞ்சத்தின் கதையை எங்கள் நண்பன் அங்கே நின்றுதான் சொன்னான். பள்ளியில் படித்ததையும் பாட்டி சொன்னதையும் சேர்த்துச் சொன்னான். 1817 கோடையில் புதுக்கதிர் ஏற்றிய முதல் வண்டிகள் ஊருக்குள் வந்தபோது, மக்கள் அவற்றுக்கு மாலை சூட்டி, மணியடித்து, பாட்டுப் பாடி எதிர்கொண்டு அழைத்தார்களாம். அதைக் கேட்ட பிறகு அண்ணாந்து அந்தக் கதிர்க்கட்டுகளைப் பார்க்கையில், அவை வெறும் அலங்காரமாகத் தெரியவில்லை. தஞ்சாவூர்ப் பக்கத்து விவசாயக் குடும்பத்திலிருந்து வந்த எனக்கு, தானியத்தைத் தலைக்கு மேல் உயர்த்தி வைத்துக் கொண்டாடும் மக்களைப் பார்ப்பதில் அந்நியம் எதுவும் இருக்கவில்லை.

அடுத்து பியர் கூடாரம். கூடாரம் என்றவுடன் துணிப் பந்தலை நினைத்துக்கொள்ள வேண்டாம். ஆயிரக்கணக்கானோர் உட்காரக்கூடிய, மரத்தளமும் மேடையும் சமையற்கூடமும் கொண்ட மண்டபங்கள் அவை. சனிக்கிழமை மாலை என்றால் எல்லா மேசைகளும் முன்பதிவில் போயிருக்கும். மாணவர்கள் முற்பகலிலேயே போய்விடுவது நல்லது. நாங்களும் அப்படித்தான் இடம் பிடித்தோம். நீள மேசையில் முன்பின் தெரியாத ஒரு குடும்பத்தோடு சேர்ந்து உட்கார்ந்தோம். பரிமாறும் பெண்மணி இரு கைகளிலும் கொத்தாகக் குவளைகளை அணைத்துக்கொண்டு, கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்தார். ஒரு லிட்டர் பிடிக்கும் தடித்த கண்ணாடிக் குவளைக்கு மாஸ் என்று பெயர். நிரம்பிய குவளை ஒன்றே இரண்டு கிலோவுக்கு மேல் கனக்கும். அத்தனை பாரத்தையும் மேசையில் இறக்கும்போது ஒரு துளிகூடச் சிந்தவில்லை. இறக்கி வைத்ததும் கையோடு பணம் கொடுத்துவிட வேண்டும், கொஞ்சம் கூடுதலாகக் கொடுப்பதுதான் மரியாதை. காலையிலிருந்து இரவு வரை அவர்கள் செய்வது கடுமையான உடலுழைப்பு. மாணவர்தானே என்று அதில் மிச்சம் பிடிக்காதீர்கள்.

குவளைகளை மோதும்போது எதிரில் இருப்பவரின் கண்ணைப் பார்க்க வேண்டும். எங்கள் மேசையிலிருந்த பெரியவர் இதை எங்கள் ஒவ்வொருவருக்கும் பொறுமையாகக் கற்றுக்கொடுத்தார். மதுரை நண்பரின் குவளையில் ஆப்பிள் சாறும் சோடாவும் கலந்த ஷோர்லே இருந்தது. அதைப் பார்த்து ஒருவரும் புருவத்தை உயர்த்தவில்லை, "ஏன் குடிக்கவில்லை" என்று கேட்கவும் இல்லை. பெரியவர் அந்தக் குவளையோடும் அதே மகிழ்ச்சியுடன் தம் குவளையை மோதினார். மதுவற்ற பியரும் எல்லாக் கூடாரங்களிலும் கிடைக்கும். பகலில் பித்தளை வாத்திய இசை, மாலை ஏற ஏற எல்லோருக்கும் தெரிந்த ஜனரஞ்சகப் பாட்டுகள். அவ்வப்போது வாத்தியக் குழு வாழ்த்துப் பாட்டைத் தொடங்கினால் மண்டபம் முழுவதும் குவளையைத் தூக்கிப் பாடும். பெஞ்சின் மீது ஏறி நின்று ஆடலாம். மேசையின் மீது ஏறினால் காவலர்கள் வெளியே அனுப்பிவிடுவார்கள்.

குடிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. விழாவுக்கென்று காய்ச்சும் பியர் வழக்கமானதைவிடச் சற்று வலுவானது, அளவும் ஒரு லிட்டர். வெறும் வயிற்றில் தொடங்காதீர்கள், இரண்டு பேர் ஒரு குவளையைப் பகிர்ந்துகொள்வதிலும் குறைவில்லை. நான் போன சமயத்தில் ஒரு மாஸ் 14 யூரோவை ஒட்டி இருந்தது. அரைக் கோழி வறுவலும் சேர்ந்தால் ஒரு வேளைக்கு 30 யூரோ ஆகிவிடும். குவளையை நினைவுப் பொருளாகப் பைக்குள் வைத்துக்கொண்டு கிளம்பினால் அது திருட்டுதான். வேண்டுமென்றால் விலைக்கு வாங்கிக்கொள்ளலாம். எல்லாவற்றையும்விட முக்கியமானது, திரும்பும்போது மின் ஸ்கூட்டரை எடுக்காதீர்கள். ஜெர்மானியச் சட்டத்தில் அதற்கும் காருக்கும் ஒரே மது வரம்புதான். 21 வயது நிறையாதவருக்கு வரம்பு பூஜ்யம். இதை அறியாத வெளிநாட்டு மாணவர்கள் பலர், அபராதமும் வழக்கும் விசா காலத்தில் எவ்வளவு பெரிய தலைவலி என்பதைப் பிறகுதான் உணர்கிறார்கள். ரயில் இருக்கிறது, அதில் வாருங்கள்.

சைவம் சாப்பிடுபவர்களுக்கு அந்த வட்டாரம் நல்ல இடம்தான். ஷ்வாபியப் பகுதியின் ஷ்பேட்ஸ்லே, முட்டை சேர்த்த மாவைக் கொதிநீரில் இட்டுச் செய்வது. அதில் பாலாடைக்கட்டியை உருக்கி, பொன்னிறமாக வறுத்த வெங்காயத்தைத் தூவிக் கொடுப்பார்கள். மவுல்டாஷன் என்ற கொழுக்கட்டை வகையில் பெரும்பாலும் இறைச்சி இருக்கும், காய்கறிப் பூரணம் வைத்ததும் உண்டு. புளித்த முட்டைக்கோஸ், வெங்காய அடை போன்றவை சைவமாகத் தோன்றினாலும் பன்றி இறைச்சித் துண்டுகள் கலந்திருக்க வாய்ப்பு அதிகம், எனவே ஒவ்வொரு கடையிலும் கேட்டுவிட்டு வாங்குங்கள். எங்கள் ஈரானியத் தோழி அப்படிக் கேட்டுக் கேட்டே வயிறு நிறையச் சாப்பிட்டார்.

இரவு ஃபெல்பாக் திரும்பியபோது பாட்டி இறைச்சி சேர்க்காமல் வெங்காய அடை சுட்டு, புளிக்கத் தொடங்கிய புதுத் திராட்சை ரசத்தோடு வைத்திருந்தார். ஷ்டுட்கார்ட் உண்மையில் திராட்சைத் தோட்டங்களின் நாடு. இலையுதிர்காலத்தில் பியரைவிடப் புது ரசத்துக்கே அங்கே மவுசு என்று அவர் சொன்னார். "ஒரு துண்டு ரொட்டியைக்கூட எறியாதே என்று என் பாட்டி எனக்குச் சொன்னார், அவருக்கு அவர் பாட்டி சொன்னார்" என்றும் சொன்னார். அந்தச் சொல்லைப் பின்னோக்கிக் கொண்டுபோனால் அது 1816-க்குப் பக்கத்தில் போய் நிற்கும் என்று எனக்குத் தோன்றியது.

ஞாயிறு காலையில் பெரும்பாலோர் தூங்கிக் கழிப்பார்கள். நீங்கள் அப்படிச் செய்ய வேண்டாம் என்று வேண்டிக் கேட்டுக்கொள்கிறேன். ஃபெல்பாக்கிலிருந்து திராட்சைத் தோட்டங்களின் ஊடாக மலையேறி இறங்கினால் ரோட்டன்பெர்க் வரும், பேருந்திலும் போகலாம். அங்கே வூர்ட்டம்பெர்க் குன்றின் உச்சியில் அரசி கதரீனாவின் நினைவுக் கோயில் இருக்கிறது. முதல் விழா நடந்த நான்காம் மாதமே, 1819 ஜனவரியில், அவர் முப்பது வயதில் இறந்துபோனார். தம் குலத்தின் பூர்வீகக் கோட்டை நின்ற இடத்தையே அரசர் அவருக்காகத் தேர்ந்தெடுத்து, கோட்டையை இடித்துவிட்டு இதைக் கட்டினார். அன்பு ஒருபோதும் ஒழியாது என்ற விவிலிய வரியை வாயிலுக்கு மேல் பொறித்திருக்கிறார்கள். வாசற்படியில் நின்றால் நெக்கர் பள்ளத்தாக்கு முழுவதும் தெரிகிறது. நாங்கள் போன காலையில் விழா மைதானத்தின் ராட்டினமும் தொலைவில் தெரிந்தது. பஞ்சகாலத்தில் நாட்டைத் தூக்கி நிறுத்தப் பாடுபட்ட ஒருவரை அறியாமலேயே அவர் காலத்தில் தொடங்கிய விழாவில் கோடிக்கணக்கானோர் ஆடிப்பாடிவிட்டுப் போகிறார்கள் என்பது எனக்கு இன்றும் வருத்தமாகவே இருக்கிறது; இந்தப் பதிலை இவ்வளவு நீளமாக எழுதுவதற்கும் அதுவே காரணம்.

விழாவின் முதல் ஞாயிறு என்றால், குன்றிலிருந்து இறங்கி நேரே ஊர்வலம் பார்க்கப் போய்விடுங்கள். பாரம்பரிய உடையணிந்த ஊர்க்குழுக்கள், வாத்தியக் குழுக்கள், மதுவாலைகளின் குதிரை வண்டிகள் எல்லாம் கான்ஷ்டாட் தெருக்களின் வழியே மைதானத்துக்கு வரும். பார்க்கக் காசு கொடுக்க வேண்டியதில்லை. குழந்தைகளோடு போகும் குடும்பத்தினருக்குப் புதன்கிழமை ஏற்றது, அன்று ராட்டினங்களிலும் கடைகளிலும் தள்ளுபடி உண்டு.

விழா பொதுவாகச் செப்டம்பர் பிற்பகுதியில் தொடங்கி அக்டோபர் இரண்டாம் வாரத்துக்குள் முடியும். குளிர்காலப் பருவத்தின் வகுப்புகள் பெரும்பாலான பல்கலைக்கழகங்களில் அக்டோபர் நடுவில்தான் ஆரம்பிக்கும். எனவே நீங்கள் செப்டம்பரிலேயே வந்து இறங்கிவிட்டால், பதிவு வேலைகளை முடித்துவிட்டு முதல் ஆண்டே போய்வரலாம். அது தவறினால் அதே மைதானத்தில் ஏப்ரல், மே மாதங்களில் வசந்த விழா நடக்கும். பியரும் ராட்டினமும் அதிலும் உண்டு. ஆனால் அறுவடைக்காகத் தொடங்கப்பட்ட விழா இலையுதிர்காலத்தில் நடப்பதுதான், முடிந்தவரை அதற்கே போங்கள்.