லெ மான் பந்தயத்துக்குக் காரில் செல்வோருக்கு: வழியும் செலவும்

கேள்வி: நாங்கள் இங்கிலாந்தின் ரெடிங் நகரில் வசிக்கும் நான்கு நண்பர்கள். அடுத்த ஜூன் மாதம் பிரான்சில் நடக்கவிருக்கும் லெ மான் 24 மணி நேரக் கார் பந்தயத்துக்கு எங்கள் சொந்தக் காரிலேயே செல்ல விரும்புகிறோம். விரைவுச் சாலையில் பறந்து போவதில் எங்களுக்கு ஆர்வமில்லை. நாட்டுப்புறத்தைப் பார்த்துக்கொண்டே போக வேண்டும். டோவர்–கலே கப்பலில் கட்டணம் குறைவாக இருக்கிறது. அதையே பதிவு செய்துவிடலாமா?

பதில்: வேண்டாம். கப்பல் கட்டணத்தை மட்டும் தனியே ஒப்பிட்டால் டோவர்–கலே மலிவாகத்தான் தெரியும். ஆனால் கலேயிலிருந்து லெ மான் ஏறத்தாழ 440 கி.மீ. தொலைவில் இருக்கிறது. போர்ட்ஸ்மவுத்திலிருந்து புறப்படும் கப்பல் உங்களை இறக்கிவிடும் கான் நகரத் துறைமுகமான விஸ்த்ரெஆமிலிருந்தோ ஏறத்தாழ 180 கி.மீ.தான். போக வரக் கணக்கிட்டால் பிரான்சுக்குள் மட்டும் 500 கி.மீ.க்கு மேல் மிச்சமாகிறது. நூறு கி.மீ.க்கு ஏழு லிட்டர் குடிக்கும் காரானால் 35 லிட்டருக்கும் அதிகமான எரிபொருள் அது. இதனுடன் கலே வழியில் ரூவான் நகருக்குத் தெற்கே செலுத்த வேண்டிய சுங்கக் கட்டணத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ரெடிங்கிலிருந்து டோவருக்குப் போவதைவிடப் போர்ட்ஸ்மவுத்துக்குப் போவது பாதித் தூரமே. கான் செல்லும் கப்பல் பகலில் ஏறத்தாழ ஆறு மணி நேரம் எடுக்கும் என்பது உண்மை. ஆனால் இரவுக் கப்பலில் அறையெடுத்துப் படுத்தால் விடுதிச் செலவில் ஓர் இரவு கழிவதோடு, ஓட்டுநர் தூங்கி எழுந்து காலையில் புத்துணர்ச்சியுடன் வண்டியை எடுக்கலாம். நான்கு பேர் பகிர்ந்துகொள்ளும்போது கப்பல் கட்டணத்திலுள்ள வேறுபாடு இன்னும் சுருங்கிவிடும். ஆகவே கப்பல், எரிபொருள், சுங்கம், தங்குமிடம் ஆகிய நான்கையும் ஒரே தாளில் எழுதிக் கூட்டிப் பார்த்த பிறகே முடிவு செய்யுங்கள்.

காட்சி அழகைப் பொறுத்தவரையில் எனக்குத் தயக்கமே இல்லை. கலேயிலிருந்து ரூவான் வரையிலான உள்நாட்டுப் பகுதி பெரும்பாலும் பரந்த தானிய வயல்கள். முதல் ஒரு மணி நேரத்துக்குப் பிறகு அது மாறுவதே இல்லை. நீங்கள் தேடும் பிரான்ஸ் கான் நகருக்குத் தெற்கே தொடங்குகிறது. அங்கிருந்து டி 562 சாலையில் துரி-ஆர்க்கூர் வழியாகக் கிளெசிக்குச் செல்லுங்கள். ஓர்ன் ஆறு பாறைகளை அறுத்துக்கொண்டு ஓடும் இந்தப் பகுதியை 'நார்மண்டியின் சுவிட்சர்லாந்து' என்று அழைக்கிறார்கள். பனிமலைகளை எதிர்பார்த்துப் போகாதீர்கள். செங்குத்தான பாறைச் சுவர்களும், ஆற்றோரப் புல்வெளிகளும், வேலிச்செடிகளுக்கு நடுவே வளைந்து ஏறும் குறுகிய சாலைகளுமே இதன் சிறப்பு. பொன் துயி என்னும் ஊரைத் தாண்டியதும் ரோஷ் துவெத்ர் பாறைமுகப்புக்குத் திரும்பும் வழி வரும். அங்கிருந்து 118 மீட்டர் ஆழத்தில் ருவ்ர் ஆற்றின் பள்ளத்தாக்கைப் பார்க்கலாம். இந்த வழியில் ஓர் இடத்தில் மட்டுமே நிற்க முடியும் என்றால் நான் இங்கேதான் நிற்பேன்.

அதன்பின் அகழி சூழ்ந்த செங்கல் கோட்டையுள்ள கரூழ் வழியாக அலான்சோன் வந்து சேரலாம். ஊசியால் பின்னும் சரிகைக்குப் பெயர்பெற்ற நகரம் இது. அந்தக் கைத்திறன் 2010ஆம் ஆண்டு யுனெஸ்கோவின் மரபுப் பட்டியலில் இடம்பெற்றது. அலான்சோனிலிருந்து பெரும்பாலோர் நேராக ஏ 28 விரைவுச் சாலையில் ஏறிவிடுகிறார்கள். நீங்கள் அப்படிச் செய்ய வேண்டாம். மேற்கே கால் மணி நேரத் தொலைவில், சார்த் ஆற்றின் வளைவில், சான் செனெரி என்ற சிறிய கல்வீட்டுக் கிராமம் இருக்கிறது. பிரான்சின் மிக அழகிய கிராமங்கள் என்ற அதிகாரபூர்வப் பட்டியலில் உள்ள ஊர். அங்கிருந்து சான் லெயோனார், ஃப்ரெனே ஆகிய ஊர்கள் வழியாக ஆற்றைத் தொடர்ந்தே இறங்கினால், லெ மான் நகருக்கு வடக்கேயுள்ள சமவெளி வரும்வரை உங்கள் கண்ணுக்கு ஓய்விருக்காது. நீங்கள் பார்க்கப் போகும் பந்தயத் தடத்தின் அதிகாரபூர்வப் பெயரே இந்த சார்த் ஆற்றின் பெயரைத் தாங்கியது என்பதால், பந்தய விரும்பிகளுக்கு இதைவிடப் பொருத்தமான வழி வேறு இல்லை என்று கருதுகிறேன்.

இந்தச் சாலைகளில் ஊருக்கு வெளியே வேக வரம்பு பெரும்பாலும் மணிக்கு 80 கி.மீ.; சில மாவட்டங்கள் குறிப்பிட்ட சாலைகளை 90க்கு உயர்த்தியுள்ளன. சுற்று வழியில் ஓட்டும் நேரம் நான்கு மணி என்று வைத்துக்கொண்டு, நிற்குமிடங்களையும் சேர்த்து ஒரு முழுப் பகலை ஒதுக்குங்கள். கிராமத்து உணவகங்கள் பகல் 12 மணியிலிருந்து 2 மணி வரையில்தான் மதிய உணவு பரிமாறும். மூன்று மணிக்குப் போய்க் கதவைத் தட்டினால் பசியோடுதான் திரும்ப வேண்டியிருக்கும்.

கப்பல் நேரங்கள் ஒத்துவராமல் கலேக்கே போக நேர்ந்தாலும் மனம் தளர வேண்டாம். கலேயிலிருந்து புலோன் வரை டி 940 கடற்கரைச் சாலையில், வெண்ணிறப் பாறைமுனையான காப் பிளான் நே வழியாகச் செல்லுங்கள். பிறகு அலுப்பூட்டும் பகுதியை விரைவுச் சாலையில் கடந்து ரூவானுக்குத் தெற்கே நில்லுங்கள். அங்கே காட்டுக்குள் இறங்கி ஏறும் பொதுச் சாலைகளில்தான் ரூவான் லெ எஸ்ஸார் பந்தயத் தடம் இருந்தது. 1952க்கும் 1968க்கும் இடையில் ஐந்து முறை பிரெஞ்சு கிராண்ட் பிரீ அங்கே நடந்தது. 1957இல் வென்றவர் அர்ஜென்டினா ஓட்டுநர் ஃபாஞ்சியோ. பார்வையாளர் மேடைகள் இடிக்கப்பட்டுவிட்டாலும், அந்த வளைவுகளில் இன்றும் வழக்கமான வேகத்தில் வண்டி ஓட்டிப் பார்க்கலாம்.

கேள்வி: பந்தயத்துக்கான நுழைவுச்சீட்டு தீர்ந்துவிட்டால், மறுவிற்பனை இணையதளத்தில் கூடுதல் விலைக்கு வாங்கலாமா? ஒரு தளம், '14 நாட்களுக்குள் திருப்பித் தரலாம்' என்றும் சொல்கிறது.

பதில்: இந்தப் பயணத்தில் பணத்தை இழக்க அதிக வாய்ப்புள்ள இடம் இதுதான் என்பதால் சற்று விரிவாகவே சொல்கிறேன். பந்தயத்தை நடத்தும் மேற்குப் பகுதி மோட்டார் வாகனச் சங்கம், 1923இல் முதல் பந்தயத்தை நடத்திய அதே அமைப்பு. நுழைவுச்சீட்டுகளை அது தன் இணையதளத்திலேயே நேரடியாக விற்கிறது. அண்மை ஆண்டுகளில் 3 லட்சத்துக்கும் அதிகமானோர் வருவதால், விற்பனை தொடங்கும் முந்தைய இலையுதிர்காலத்திலேயே வாங்கிவிடுவது நல்லது. அமைப்பாளரின் அனுமதியின்றி வழக்கமாக நுழைவுச்சீட்டுகளை மறுவிற்பனை செய்வது பிரான்சில் 2012 முதல் குற்றம். முதல் முறை பிடிபட்டால் 15,000 யூரோ வரை அபராதம் விதிக்கலாம். அந்தத் தண்டனை விற்பவருக்குத்தான். ஆனால் வாயிலில் சீட்டு செல்லாது என்று திருப்பியனுப்பப்படுபவர் நீங்கள்.

14 நாள் உறுதிமொழியைச் சட்டப் பாதுகாப்பு என்று எண்ணிவிடாதீர்கள். இணையத்தில் வாங்கும் பொருள்களுக்கு இருக்கும் அந்த உரிமை, குறிப்பிட்ட தேதியில் நடக்கும் பொழுதுபோக்கு நிகழ்ச்சிகளின் நுழைவுச்சீட்டுகளுக்கு ஐரோப்பிய ஒன்றியச் சட்டத்திலும் இல்லை, பிரிட்டன் சட்டத்திலும் இல்லை. அந்தத் தளம் தானாக முன்வந்து அளிக்கும் சலுகையாக அது இருக்கலாம். அப்படியானால் அதன் நிபந்தனைகளை எழுத்தில் பெற்று, பணம் செலுத்துமுன் படித்துப் பாருங்கள்.

எங்கே வாங்கினாலும் கடன் அட்டையில் வாங்குங்கள். பிரிட்டனில் 1974ஆம் ஆண்டின் நுகர்வோர் கடன் சட்டத்தின் 75ஆம் பிரிவின்படி, 100 பவுண்டுக்கு மேல் 30,000 பவுண்டு வரை விலையுள்ள ஒன்றை வாங்கி, விற்பவர் ஒப்பந்தத்தை மீறினால், அட்டை நிறுவனமும் சேர்ந்து பொறுப்பேற்க வேண்டும். வெளிநாட்டில் வாங்கியவற்றுக்கும் இது பொருந்தும். ஆனால் ஒரு சீட்டின் விலை 100 பவுண்டைத் தாண்ட வேண்டும் என்பதையும், விற்பவருக்கும் உங்களுக்கும் நடுவில் ஓர் இடைத்தரகத் தளம் நுழைந்து பணத்தைப் பெற்றுக்கொண்டால் இந்தப் பாதுகாப்பு அறுந்துபோகக்கூடும் என்பதையும் மறக்க வேண்டாம். மறுவிற்பனைத் தளங்களை நான் பரிந்துரைக்காததற்கு இதுவே முக்கியக் காரணம்.

அதிகாரபூர்வச் சீட்டுகள் தீர்ந்துவிட்டால், கப்பலும் முகாமிடமும் நுழைவுச்சீட்டும் சேர்த்து ஒரே விலைக்கு விற்கும் பிரிட்டன் பயண நிறுவனங்களைப் பாருங்கள். தனித்தனியே வாங்குவதைவிடச் செலவு கூடும். ஆயினும் 2018ஆம் ஆண்டின் தொகுப்புப் பயண விதிகளின்கீழ் அந்த நிறுவனமே முழுப் பயணத்துக்கும் பொறுப்பு. அது நொடித்துப்போனாலும் உங்கள் பணத்துக்குக் காப்பு இருக்க வேண்டும். அந்தக் காப்பு எந்த அமைப்பின் வழியாக என்று கேட்டு, பதிலை மின்னஞ்சலில் வாங்கிக்கொள்ளுங்கள்.

பொது நுழைவுச்சீட்டு, மேடை இருக்கை, முகாமிடம், கார் நிறுத்துமிடம் ஆகியவை அங்கே தனித்தனியே விற்கப்படுகின்றன என்பதையும் கவனியுங்கள். முதல் முறை செல்பவர்களுக்கு மேடை இருக்கை அவசியமில்லை என்பது என் கருத்து. தடம் 13.626 கி.மீ. நீளமுடையது, பொது நுழைவுச்சீட்டுடன் அர்னாழ், மல்சான் வளைவுகள் வரை சென்று இரவில் கார்கள் வேகம் தணிந்து திரும்புவதைப் பார்ப்பதே இந்தப் பந்தயத்தின் உயிர். மிச்சமாகும் பணத்தைத் தடத்துக்கு அருகிலுள்ள முகாமிடத்துக்குச் செலவிடுங்கள்.

கேள்வி: எங்களில் ஒருவரிடம் இந்தியக் கடவுச்சீட்டு இருக்கிறது. பிரிட்டனில் வசிக்கும் அனுமதி உள்ளது. அது போதுமா?

பதில்: போதாது. அவருக்கு ஷெங்கன் விசா தேவை. பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்து விண்ணப்பிக்கலாம். கடைசி எல்லை பயணத்துக்கு 15 நாள் முன்பு. பெரியவர்களுக்கான கட்டணம் 2024 ஜூன் முதல் 90 யூரோ. விண்ணப்ப மையம் தன் சேவைக் கட்டணத்தைத் தனியே வாங்கும். நேர்காணல் தேதி கிடைப்பதே கடினம் என்பதால், அவருடைய விசாவைப் பொறுத்தே மற்றவற்றைத் திட்டமிடுங்கள். கப்பலையும் விடுதியையும் ரத்துசெய்யக்கூடிய வகையில் பதிவு செய்யுங்கள்.

கேள்வி: சுங்கம், எரிபொருள், காப்பீடு ஆகியவற்றில் தெரியாமல் ஏமாறக்கூடிய இடங்கள் எவை?

பதில்: கான் வழியே நான் சொன்ன கிராமச் சாலைகளில் சுங்கமே இல்லை. திரும்பும்போது ஏ 13 சாலையில் செல்ல நேர்ந்தால் கவனம் தேவை. பாரிஸையும் நார்மண்டியையும் இணைக்கும் அந்தச் சாலையில் 2024 முதல் சுங்கச் சாவடிகள் அகற்றப்பட்டு, மேலே பொருத்திய கேமராக்கள் வண்டி எண்ணைப் படிக்கின்றன. நிறுத்தி வாங்க ஆளில்லாததால் கட்டணமில்லை என்று நினைத்துவிடுபவர்கள் பலர். 72 மணி நேரத்துக்குள் இணையத்தில் நீங்களாகவே செலுத்த வேண்டும். தாமதித்தால் அபராதம் ஏறிக்கொண்டே போகும். பணம் செலுத்தும் தளத்தின் முகவரியைச் சாலையோரப் பலகையிலிருந்தே குறித்துக்கொள்ளுங்கள். தேடுபொறி காட்டும் விளம்பர இணைப்புகளை நம்ப வேண்டாம்.

எரிபொருளை விரைவுச் சாலை நிலையங்களில் நிரப்பாமல், ஊர்களின் எல்லையிலுள்ள பேரங்காடி நிலையங்களில் நிரப்பினால் விலை குறையும். ஒவ்வொரு நிலையத்தின் விலையையும் பிரெஞ்சு அரசே ஓர் இணையதளத்தில் வெளியிடுகிறது. டீசலுக்கு அங்கே 'கஸோல்' என்று எழுதியிருக்கும். ஆளில்லாத தானியங்கி நிலையங்கள் நிரப்பும் அளவைவிடப் பெரிய தொகையை உங்கள் அட்டையில் தற்காலிகமாக முடக்கிவைக்கும்; பிறகு விடுவித்துவிடும் என்றாலும், பற்று அட்டையில் இருப்பு குறைவாக இருந்தால் அடுத்த நிலையத்தில் சிக்கல் வரும். எந்த இயந்திரமாவது பவுண்டில் கழிக்கவா, யூரோவில் கழிக்கவா என்று கேட்டால் யூரோவையே தேர்ந்தெடுங்கள்.

காப்பீட்டைப் பொறுத்தவரையில், வெளிநாட்டில் காட்ட வேண்டியிருந்த காப்பீட்டுச் சான்றான பச்சை அட்டை 2021 ஆகஸ்ட் முதல் தேவையில்லை. ஆனால் பிரிட்டன் பாலிசி ஐரோப்பாவில் மூன்றாம் தரப்புப் பாதுகாப்பை மட்டுமே உறுதியாகத் தருகிறது. உங்கள் சொந்தக் காரின் சேதத்துக்கும் அங்கே காப்பு உண்டா, எத்தனை நாளுக்கு என்று நிறுவனத்திடம் கேளுங்கள். விரைவுச் சாலையில் வண்டி பழுதானால் உங்கள் சாலையோர உதவி நிறுவனம் நேராக வர இயலாது. ஆரஞ்சு நிற அவசரத் தொலைபேசியில் அழைத்து, அந்தப் பகுதிக்கு நியமிக்கப்பட்ட இழுவை வண்டியைத்தான் பெற வேண்டும். அதன் கட்டணத்தை அரசு நிர்ணயித்திருக்கிறது. ரசீதை வாங்கி வைத்துக்கொண்டால் பிறகு உதவி நிறுவனத்திடம் கோரலாம்.

பந்தயத் தடத்தின் நீண்ட நேர்வழி, மற்ற நாட்களில் டி 338 என்ற பொதுச் சாலை. அங்கே வேகத்தைச் சோதித்துப் பார்க்கும் ஆசையை அடக்கிக்கொள்ளுங்கள். வெளிநாட்டவர் அபராதத்தை அந்த இடத்திலேயே கட்ட வேண்டும். வரம்பை மணிக்கு 50 கி.மீ. தாண்டினால் உரிமமும் காரும் கையைவிட்டுப் போகக்கூடும். வேகக் கேமராவைக் காட்டிக்கொடுக்கும் கருவியை வைத்திருப்பதே அங்கே குற்றம்.

பந்தயம் சனிக்கிழமை மாலை 4 மணிக்குத் தொடங்கி ஞாயிறு மாலை 4 மணிக்கு முடியும். முடிந்ததும் வடக்கே செல்லும் சாலைகள் நிரம்பிவிடும். உங்கள் நால்வரில் எவரும் சரியாகத் தூங்கியிருக்க மாட்டீர்கள். அன்றிரவே கப்பல் பதிவு செய்யாதீர்கள். முகாமிலேயே இன்னோர் இரவு தங்குங்கள். அல்லது ஓய்வெடுத்த பிறகு எதிர்த்திசையில் 45 கி.மீ. தெற்கே, லுவார் ஆற்றங்கரையிலுள்ள லா ஷார்த்ர் என்ற சிற்றூருக்குச் செல்லுங்கள். அங்குள்ள பழைய விடுதியில்தான் ஆஸ்டன் மார்ட்டின் அணி 1950களில் தங்கியிருந்தது. 1959இல் அந்த அணி லெ மானில் வென்றது. பந்தய வாரத்தில் அந்த விடுதியில் அறை கிடைப்பது அரிது என்பதால், சுற்றியுள்ள கிராமங்களில் அறைகளைத் தேடி, நுழைவுச்சீட்டு வாங்கும் அதே மாதத்தில் பதிவு செய்துவிடுங்கள். கான் செல்லும் கப்பலை எதிர்த்திசையில் திங்கள் இரவுக்குப் பதிவு செய்தால், அன்று பகல் முழுவதும் நிதானமாக வடக்கே திரும்ப உங்களுக்கு நேரமிருக்கும்.